முந்திச் சொன்ன சாட்சி

எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டால் குமட்டல் அடங்கும் என்று பக்கத்து நாற்காலி அம்மா சொன்னது சுத்தப் பொய் என்று எப்சிபாய்க்குத் தெரிந்துபோயிற்று. அடங்கியதெல்லாம் எலுமிச்சையின் மேல் அவளுக்கு இருந்த பிரியம்தான். இனி ஊறுகாய் ஜாடியைத் திறந்தாலும் இந்த ஹால்தான் ஞாபகத்துக்கு வரும். வரிசையாகப் போட்ட சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கம்பி, கம்பியில் தொங்கும் பை, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து. எல்லாவற்றுக்கும் மேலே சத்தமில்லாமல் ஓடும் டிவியில் யாரோ ஒருத்தி நெய் ஊற்றிக் கேரட் அல்வா கிண்டிக்கொண்டிருந்தாள். புற்றுநோய்க்காரர்கள் வாந்தியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில் சமையல் நிகழ்ச்சி போட வேண்டும் என்று எந்த மகராசனுக்குத் தோன்றியதோ. சிவப்பு மருந்து ஏறி முடிந்துவிட்டது, அதுவரைக்கும் நிம்மதி. அது ஏறும்போது வாயில் வைத்துக்கொள்ள லிஜி சிஸ்டர் கொடுத்த ஐஸ் துண்டு நாக்கை மரத்துப்போகச் செய்திருந்தது. இப்போது ஏறுவது வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, முடிய மத்தியானம் ஆகும். இன்று வெள்ளிக்கிழமை. அவளும் புருஷனும் ஊழியம் செய்கிற ஜார்க்கண்ட் மலையில் எல்லாரும் அந்நேரம் ஜெபத்துக்காகப் போனைச் சுற்றிக் கூடியிருப்பார்கள். புத்னியும் வந்திருப்பாள். புத்னியிடம் என்ன சொல்வது என்கிற விஷயம் ஒரு வாரமாக அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வராந்தாவில் அவள் புருஷன் அருமைநாயகம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். கை பின்னால் கட்டியிருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. பிரசங்கம் உருவாகிறது என்று அர்த்தம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளைச் சட்டைதான், முந்தின ராத்திரி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்து, காலையில் எடுத்து உதறிப் போட்டுக்கொள்வார். போன்ல யாருங்க உங்க சட்டையைப் பாக்கப்போறாங்க என்று ஒருதடவை கேட்டாள். ஊழியத்துக்கு நிக்கிறவன் கைலியோடயா நிப்பான் என்றார். அப்படி ஒரு ஒழுங்கு. கல்யாணமான புதிதில், சாயர்புரத்தில் கிடைத்த வாத்தியார் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஜார்க்கண்ட் மலைக்குக் கிளம்பியபோது அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. நர்ஸ் படித்த பெண்டாட்டி கூட இருக்கிறாள் என்கிற தைரியம். இன்றைக்கு லாட்ஜ் அறையில் மின் அடுப்பை வைத்துக்கொண்டு மிளகு ரசம் வைக்கிறார், உப்பு மட்டும் எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவள் வாந்தி எடுத்த சட்டியை முகம் சுளிக்காமல் கழுவுகிறார். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வர ஆரம்பித்தபோது, நாவிதரிடம் போக அவள் கூச்சப்பட்டாள் என்று, தன்னுடைய சவர செட்டை எடுத்து அவரே மழித்துவிட்டார். மழித்து முடித்து, துண்டால் துடைத்து, உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டும் அவர் குழாயை மூடவில்லை. அழுகிறார் என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்று அவருக்கும் தெரியும். இந்த மனுஷன் மேல் கோபப்படுவதுதான் எவ்வளவு கஷ்டம். கெட்டவனாக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அந்த மலையில் இப்போது இலுப்பைப் பூ விழுகிற காலம். விடிவதற்கு முன்னாலேயே பெண்கள் கூடையோடு கிளம்பிவிடுவார்கள், மரத்தடியெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும், அந்த வாசனை ஆரம்பத்தில் அவளுக்குத் தலைவலியைக் கொடுத்தது, பிறகு பழகிப்போய், இப்போது அதற்காக ஏங்கவைக்கிறது. புத்னிதான் அவளை முதன்முதலில் பூ பொறுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். புதன்கிழமை பிறந்ததால் புத்னி. எப்சிபாய் பேசிய அந்த மலை மக்களின் சாதரி மொழியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள் அவள், சிரித்துச் சிரித்தே மொழியைக் கற்றுக்கொடுத்துவிட்டாள். தீதி, நீ இப்போ என்ன சொன்னாய் தெரியுமா, என் புருஷனை அடுப்பில் வைத்திருக்கிறேன் என்று சொன்னாய் என்பாள். தீதி என்றால் அக்கா. சொந்தத் தங்கை இல்லாத எப்சிபாய்க்கு அந்த மலை கொடுத்த தங்கை. மலேரியா கண்டு கிடந்தபோது அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அடிவாரம்வரை இறங்கிய நாலு பேரில் மூன்று பேர் ஆண்கள், நாலாவது ஆள் புத்னி. இருந்தும் இத்தனையையும் விட்டுவிட்டு மனசு ஒரு சாயங்காலத்துக்கே திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. மலைவீட்டில் அவள் ஊராருக்கு மருந்து கொடுக்கிற பின்னறை, ஜன்னலில் சாக்குப் படுதா. தீதி, இங்கே ஒரு கட்டி என்று புத்னி ரவிக்கையைத் தளர்த்தினாள். எப்சிபாய் தொட்டுப் பார்த்தாள். வேகாத பட்டாணி மாதிரி, அசையாமல், வலியில்லாமல். வலிக்கிறதாவது பரவாயில்லை, வலிக்காததுதான் மோசம் என்று படிக்கிற காலத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இது சாதாரணக் கட்டி இல்லை புத்னி, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றால் அவள் சிரிக்கிறாள், விறகு சுமந்தது தீதி, அதுதான் என்கிறாள். எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல், பாரு, ஒண்ணும் இல்லாதவங்களுக்கு எப்படி இருக்கும்னு என்னைத் தொட்டுப் பாரு என்று அவள் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள். காய்ப்புக் காய்ச்சிப்போன கை. அது தடவியது, நின்றது, திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. தீதி, உனக்கும் இருக்கிறதே என்றாள் புத்னி. சொல்லிவிட்டு, முகமெல்லாம் தெளிந்துபோய், அப்படியென்றால் இது எல்லாருக்கும் இருக்கிறதுதான் என்று ரவிக்கையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதை நினைக்கும்போது இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரிப்போடு சேர்ந்து வேறொன்றும் வருகிறது. ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவள், ஊர்ப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், தன்னை ஒருநாளும் தொட்டுப் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தக் காய்ப்புக் கை படாமல் இருந்திருந்தால் இந்த நாற்காலியும் இல்லை, இந்தக் கம்பியும் இல்லை, அடுத்த கிறிஸ்துமஸும் இல்லை. அவள் எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தாள், நான் அவளுக்கு என்ன கொடுத்தேன். இங்கே வரக் கிளம்புகிற அன்று எவ்வளவோ கெஞ்சினாள், கூட வா புத்னி என்று. நீ போ தீதி, போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல், நீ சொன்னால் நான் வருகிறேன் என்றாள். அதுதான், அந்த ஒரு வாக்கியம்தான். நீ சொன்னால் வருகிறேன். லிஜி சிஸ்டர் வந்து பையைத் தட்டிப் பார்த்தார். சேச்சிக்கு ஒண்ணும் செய்யலையே, வயிறு எரியுதோ, கை அசைக்கக் கூடாது கேட்டோ என்று தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். நல்ல பெண். ஓட்டமும் நடையுமாகத்தான் வேலை பார்க்கிறாள், ஆனால் அவள் குத்தினால் நரம்பு தப்பாது. அல்வா முடிந்துபோய் டிவியில் இப்போது யாரோ புடவை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இங்கே வந்துசேர்ந்த அந்த முதல் வெள்ளிக்கிழமை. ரயில் களைப்புகூடத் தீரவில்லை. சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள், ரிசல்ட் சாயங்காலம் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானம் மலையிலிருந்து போன். ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு எல்லாரும் அந்தப் பாறையில் ஏறி, ஒரு போனை ஒலிபெருக்கியில் போட்டு நடுவில் வைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அருமைநாயகம் ஜெபித்தார், பிரசங்கித்தார், முடிக்கிற இடத்தில் அவர் குரல் திடீரென்று ஏறியது. தீதியைக் கர்த்தர் சுகமாக்கிவிட்டார், தீதிக்கு ஒன்றுமில்லை, நன்றி சொல்லுங்கள் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எப்சிபாய் திடுக்கிட்டுப் பார்த்தாள். விசுவாசத்தில் முந்திச் சொல்லிவிடுவது என்பது அவர்கள் நடுவில் புதுசில்லை. மழை வருவதற்கு முன்னால் மழைக்கு நன்றி சொல்வார்கள், பரீட்சை எழுதுவதற்கு முன்னால் பாஸானதற்கு நன்றி சொல்வார்கள். நடந்துவிட்டது என்று வாயால் அறிக்கை செய்தால் நடக்கும் என்று ஒரு வழக்கம். எத்தனையோ வீடுகளில் அவளும் அதற்கு ஆமென் சொல்லியிருக்கிறாள். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது வழக்கம் என்று தெரிய வேண்டுமே. பாறை மேல் இருந்தவர்களுக்கு அய்யா சொன்னால் சொன்னதுதான். அன்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மலையில் பன்றி அடித்து நன்றி ஆராதனை நடத்தி, ஊரோடு சாப்பிட்டே முடித்துவிட்டார்கள். மங்ராதான் கறி பங்கு வைத்தானாம். மங்ரா புத்னியின் புருஷன். பன்றி அடித்துச் சாப்பிட்ட பிறகு, சுகமாகிவிட்டது என்று சொன்ன சாட்சியை எப்படித் திருப்பி வாங்குவது. மிஷன் வேலையாக இங்கே தங்க வேண்டியிருக்கிறது என்று அருமைநாயகம் அவர்களிடம் சொன்னார். மார்பை எடுத்ததைச் சொல்லவில்லை. மருந்து ஏறுவதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசியில் போனை அவளிடம் நீட்டுவார். ஜெய் யேசு, நான் நல்லா இருக்கிறேன் என்று அவள் சொல்லுவாள். அதையும் சொல்லியாக வேண்டும், அவர் மட்டுமா சொன்னார், அவளும்தான் ஒவ்வொரு வாரமும் நல்லா இருக்கிறேன் என்று சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமைதான் புத்னி பேசினாள். வழக்கமாகப் பின்னாலிருந்து சிரிக்க மட்டும் செய்கிறவள், அன்று போனுக்குப் பக்கத்தில் வந்து, தீதி, உனக்குப் போனமாதிரி எனக்கும் போய்விடும், அய்யா எனக்காகவும் ஜெபித்தால் போதும், நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன், இப்போது கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, போகிறதுக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும் என்று மங்ரா சொல்கிறான் என்றாள். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். பெரிதாகியிருக்கிறது. அந்த வார்த்தையில் வந்து எல்லா நினைப்பும் சிக்கிக்கொள்கிறது, எங்கே சுற்றினாலும் இங்கேதான். எவ்வளவு பெரிதாக என்று கேட்டிருக்கலாம். தோல் சுருங்கியிருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். அக்குளில் தடவிப் பார் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை, சரி புத்னி என்று சொல்லிவிட்டு அவரிடம் போனைக் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க வாய்க்கசப்பு மருந்தினாலா இதனாலா என்று தெரியவில்லை. இரண்டு மூன்று நாள் மென்று முழுங்கிவிட்டு, ரசம் ஆறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் கேட்டேவிட்டாள். ஏங்க, புத்னிகிட்ட உண்மையைச் சொல்லிருவோம். எந்த உண்மையை என்றார். எனக்குச் சுகமாகலைங்கிறதை. அப்படிச் சொல்லாத எப்சி, ஆகிக்கிட்டு இருக்கு. ஆகிக்கிட்டு இருக்கிறது வேற, ஆயிட்டுன்னு சொல்லுதது வேறங்க. அந்தப் பிள்ளைக விசுவாசம் என்னத்துக்கு ஆகும், அய்யாவே பின்வாங்கிட்டாருன்னு சொல்லமாட்டாங்களா என்றார். சொன்னா சொல்லட்டும், அவ செத்துப்போனா அதுக்கு யாரு பதில் சொல்லுவா என்று அவளும் விடவில்லை. அவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து கூழாக்கிவிட்டார். அப்புறம் ரொம்ப மெதுவாக, நான் பொய் சொல்லணும்னு சொல்லல எப்சி, சொல்லாட்டா நீ செத்துருவியோன்னு பயமா இருந்துச்சு, இப்ப அதைத் திருப்பி எடுத்தா என்று ஆரம்பித்து, முடிக்காமல், தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

அந்தப் பாதி வாக்கியத்தை அவள் எத்தனையோ தடவை முடித்துப் பார்த்துவிட்டாள். எப்படி முடித்தாலும் அது ஒரே இடத்தில்தான் முடிகிறது. மலையில் குழந்தைகள் கழுத்தில் கட்டியிருக்கிற தாயத்தைக் கண்டால் அருமைநாயகத்துக்குப் பொறுக்காது, உட்கார்ந்து நயமாகப் பேசி, தாயையே அவிழ்க்கவைப்பார். நூலிலயா இருக்கு உசிரு என்பார். அந்த மனுஷன்தான் இப்போது தன் பெண்டாட்டி கழுத்தில் ஒன்றைக் கட்டிவிட்டு, அவிழ்க்கப் பயந்துகொண்டு நிற்கிறார். நூல் இல்லை, வார்த்தை, அவ்வளவுதான் வித்தியாசம். சிரிக்க வேண்டிய விஷயம். சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தத் தாயத்து தன் கழுத்தில் கிடப்பது அவளுக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது. சில காலை வேளைகளில், கண் விழித்ததும், உடம்பில் எங்கேயும் எதுவும் தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தில், உண்மையாகவே சுகமாகிவிட்டதோ, இவர் சொன்னதுதான் நடந்ததோ, டாக்டர்கள் எல்லாம் தெரியாமல் குத்துகிறார்களோ என்று தோன்றும். பிறகு எழுந்திருக்கக் கையை ஊன்றினால் தையல் போட்ட இடம் இழுக்கும். அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும். அடுத்த ஸ்கேனில் ஏதாவது வந்தால், அன்றைக்குச் சொன்னாளே அதனால்தான் என்று அவர் நினைப்பாரோ. வாயைத் திறந்து சொல்லமாட்டார். ஆனால் ரசம் வைக்கும்போது நினைப்பார், நடக்கும்போது நினைப்பார், அவள் போன பிறகும் தனியாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருப்பார். போன பிறகு. இந்த வார்த்தையை அவள் மனசுக்குள்கூடச் சத்தமாகச் சொல்லுவதில்லை. எங்கே வைப்பார்கள், சொந்த ஊர் நாசரேத்தில் அப்பா கல்லறைக்குப் பக்கத்திலா, மலையில் இலுப்பை மரத்தடியிலா. மலை என்றால் மகள் பெனினா ரயில் ஏறித்தான் வந்து பார்க்க முடியும், பாவம், கல்லூரியில் லீவு கிடைக்க வேண்டும். சீச்சீ, என்ன நினைப்பு இது. ஆண்டவரே, கோபமா உமக்கு, அவர் சொன்னதுக்கு, நான் ஆமான்னதுக்கு. மருந்து சொட்டியது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. எனக்காவது ஏறுகிறது, அவளுக்கு என்ன ஏறுகிறது, பெரிதாகியிருக்கிறது, பட்டாணியிலிருந்து எவ்வளவு பெரிது, நெல்லிக்காயா, எலுமிச்சையா. மடியில் கிடந்த பழத்தை எடுத்து, விரல்களுக்குள் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, பார்க்கப் பிடிக்காமல் பைக்குள் போட்டாள்.

கண் அசந்துவிட்டது போலிருக்கிறது. கண்ணாடிக் கதவு திறந்த சத்தத்தில் விழித்தால் அருமைநாயகம் போனும் கையுமாக நிற்கிறார். பிரசங்கம் நன்றாக வந்த நாளில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும், அது இருந்தது. ஜெபம் முடிஞ்சிது எப்சி, ரெண்டு வார்த்தை பேசிரு, புத்னி முன்னாலயே உக்காந்திருக்கா என்றார். போனில் பாறைக் காற்று இரைந்தது, ஆடு ஒன்று கத்தியது, யாரோ இருமினார்கள். அவள் மருந்து ஏறாத கையை நீட்டினாள். வாங்கவில்லை, போனைப் பிடித்திருந்த அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏங்க, நான் சொல்லப்போறேன் என்றாள். அவருக்குப் புரிந்தது. முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. அந்த இடத்தில் அவர் போனைப் பின்னால் இழுத்திருக்கலாம், சிக்னல் இல்லை என்று அணைத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. அவள் பிடித்திருந்த மணிக்கட்டில் நாடி ஓடுவது நர்ஸின் விரலுக்குத் தெரிந்தது, மலையேறி வந்தவனுடைய நாடி. எப்சி என்றார், வேண்டாம் என்கிற மாதிரியும் இருந்தது, சரி என்கிற மாதிரியும் இருந்தது. ஆனால் கை அசையவில்லை, போனை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தபடியே நின்றார். ஜெய் யேசு தீதி என்று அங்கே ஏகக் குரலாகக் கேட்டது.

அவள் சாதரியில் சொன்னாள், சுற்றி வளைக்காமல் சொன்னாள். புத்னி, எனக்குச் சுகமாகவில்லை. என் மார்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். தலையில் ஒரு முடி இல்லை. இப்போது பேசுகிறேனே, இப்போதும் கையில் ஊசி வழியாக மருந்து போய்க்கொண்டிருக்கிறது. அய்யா சொன்னது நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்னது, நானும் அதற்கு ஆமாம் போட்டேன். உனக்கு இருப்பதும் எனக்கு இருந்ததேதான். தானாகப் போகாது. ஜெபம் பண்ணு, நானும் பண்ணுகிறேன், ஆனால் ஆஸ்பத்திரிக்கு வா. சொல்லி முடித்ததும் பாறை மேல் ஆடு மட்டும் கத்தியது. பிறகு மங்ராவின் குரல், கோபம் இல்லை, ஒன்றும் புரியாத குரல், அப்படியென்றால் அய்யா சொன்னது என்று கேட்டது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் போனைத் தன் பக்கம் திருப்பி, வராந்தா பிரசங்கத்தில் இருந்த குரல் துளியும் இல்லாமல், நான் அவசரப்பட்டுவிட்டேன் மங்ரா, பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன், தீதி சொல்வதுதான் சரி என்றார்.

அங்கே ஒரு பெண் ஏதோ கேட்டாள், பிறகு பல குரல்கள், யாரோ அதட்டினார்கள், போன் கை மாறியது. முடிந்தது, இனி அந்தப் பாறையில் யாரும் ஏறமாட்டார்கள், இத்தனை வருஷமும் போயிற்று, என்னால்தான் போயிற்று என்று எப்சிபாய் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது புத்னியின் குரல் கேட்டது. அய்யா, தீதிக்கு வலிக்கிறதா என்று கேட்டாள். அருமைநாயகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்குத் தெரியவில்லை. ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டிருக்கிறார், போர்வை வேணுமா என்று கேட்டிருக்கிறார், இத்தனை மாசத்தில் இதை மட்டும் கேட்டதில்லை, கேட்டால் விசுவாசக் குறைச்சல் என்று பயந்தாரோ, பதிலுக்குப் பயந்தாரோ. போனைக் கீழே இறக்கிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் ஓரம் தரையில் பட்டது. வலிக்குதான்னு கேக்கா எப்சி என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாய் முந்தியது, அவ்வளவு பழகிப்போயிருந்தது. அவர் கண் அவளை விட்டு அகலவில்லை. வலிக்குதுன்னு சொல்லுங்க என்றாள். ராத்திரியெல்லாம் கை கடுக்குதுங்க, வெட்டின இடத்துல இல்லாத மாரு வலிக்குது, உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. அவர் தலையை ஆட்டினார். போனை வாய்க்குக் கொண்டுபோனார். வலிக்கிறதாம் புத்னி என்றார். ரொம்ப வலிக்கிறதாம், நான் கேட்காமலே இருந்துவிட்டேன் என்றார். பக்கத்து நாற்காலி அம்மா, போனில் பேசிய மொழி புரியாவிட்டாலும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புத்னி ரொம்ப நேரம் பேசினாள். காற்று அடித்ததில் எப்சிபாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, அவர் மட்டும் காதோடு போனை அழுத்திக்கொண்டு, சரி, சரி, நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனை அணைத்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, ஊசி இல்லாத இடமாகப் பார்த்துத் தடவினார். என்ன சொல்லுதா என்று கேட்டாள். வாறாளாம் என்றார். மங்ராகிட்ட பிள்ளைகளை விட்டுட்டு வாறாளாம். வைத்தியத்துக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலை எப்சி. தீதிக்கு இவ்வளவு வலிக்கும்போது பொம்பளைத் துணை இல்லாம எப்படி விட்டியன்னு என்னைப் பிடிச்சு ஏசுதா. உன்கூட இருக்கிறதுக்குத்தான் வாறாளாம். எப்சிபாய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல், இரண்டையும் விட்டாள்.

"எதுக்குன்னாலும் சரி," என்றாள். "வரச் சொல்லுங்க."